அரளிக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும்

சென்னை விமான நிலையத்துக்குப் பின்புறம், அடையாற்றை ஒட்டி அமைந்திருக்கும் ஊர் பொழிச்சலூர். பக்தர்கள் 'வட திருநள்ளாறு' என்று போற்றும் அகத்தீசுவரர் கோயில் இங்குதான் உள்ளது. சனிக்கிழமை தோறும் கூட்டம் கூடும் ஊர். கோயில் என்றால் பூ வேண்டும். பூ என்றால் அரளி இல்லாமல் தீராது. அம்மனுக்கும் முருகனுக்கும் பைரவருக்கும் செவ்வரளி சாத்துவது பழைய வழக்கம். திருவாரூர் அருகிலுள்ள திருக்கரவீரம் என்னும் தேவாரத் தலத்தில் அரளியே தலமரம். கரவீரம் என்ற சொல்லுக்கே அரளி என்றுதான் பொருள்.

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பகுதிகளில் விளைநிலங்கள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டன. ஆனால் குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம், படப்பை என்று மேற்கே போகப் போக, அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் பூவுக்குச் சென்னையில் என்றும் தேவை உண்டு. கோயம்பேடு சந்தையும் தொலைவில் இல்லை. ஆகவே பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தில் அரளி போடலாம் என்று நினைப்பவர்களுக்கு அது தகுந்த யோசனைதான்.

ஆனால் அரளியைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. "அரளிக்குத் தண்ணீரே வேண்டாம், நட்டுவிட்டால் தானே வளரும்" என்பது ஒன்று. "அரளி விஷச்செடி, மாடு வைத்திருப்பவன் அதை நினைக்கவே கூடாது" என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தால் மகசூல் போகிறது. இரண்டாவது எண்ணத்தால் ஒரு நல்ல வருமானம் கைவிட்டுப் போகிறது. பருவம் அறிந்து நீர் பாய்ச்சவும், பாய்ச்சும் நீர் கால்நடை இருக்கும் பக்கம் போகாமல் காக்கவும் தெரிந்தால், சிறு விவசாயி துணிந்து அரளி பயிரிடலாம்.

ஆற்றோரத்துச் செடி

நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக அரளி பூத்து நிற்பதைப் பார்ப்பவர்கள், அது வறட்சிச் செடி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடையில் அந்தச் செடிகளுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

அரளி இயற்கையில் வளரும் இடம் எது? மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து ஆசியா வரையில், மழைக்காலத்தில் வெள்ளம் ஓடி, கோடையில் மேல்மணல் காய்ந்து கிடக்கும் ஓடைகளின் கரைகளில்தான் அது தானாக முளைத்து வளர்கிறது. மேலே வெயில் கொளுத்தினாலும் ஆழத்தில் ஈரம் இருக்கும். அதைத் தேடி வேர் கீழே இறங்கும். அதன் இலையும் இதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. மேல்தோல் தடித்து மெழுகு பூசியது போலிருக்கும். மூச்சுத் துளைகள் இலையின் அடிப்புறத்தில், மயிர் அடர்ந்த சிறு குழிகளுக்குள் மறைந்திருக்கும். வெப்பக்காற்று நேரே படாததால் நீர் வீணாக ஆவியாவதில்லை.

அரளி வறட்சியைத் தாங்கும், வறட்சியில் பூத்துக் குலுங்காது. உயிரைக் காப்பாற்றிக் கொள்ளும் செடி வேறு, விவசாயிக்கு அன்றாடம் மொட்டுக் கொடுக்கும் செடி வேறு. மொட்டு விடும் நேரத்தில் ஈரம் குறைந்தால் பூ சிறுக்கும், மொட்டு உதிரும். மாறாக, நாள்தோறும் மேலாக நீர் தெளித்துக் கொண்டிருந்தால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக் கிடக்கும். ஒரு வாரம் மின்சாரம் இல்லாமல் பம்புசெட் ஓடாவிட்டால் செடி துவண்டுவிடும்.

நெல்லுக்கும் கரும்புக்கும் நம் பெரியவர்கள் சொல்லும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற முறைதான் அரளிக்கும் உகந்தது. பாய்ச்சினால் ஆழமாக நனைய வேண்டும். அடுத்த பாய்ச்சலுக்கு முன் மேல்மண் காய வேண்டும்.

நாள் கணக்கு வேண்டாம், மண்ணைப் பாருங்கள்

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுவது?" என்பதே விவசாயிகள் முதலில் கேட்கும் கேள்வி. செம்மண் சரளை நிலத்துக்கும் ஏரிப்பாசனக் களிமண் நிலத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. செடியின் அடியில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டையாகப் பிடிபட்டால் நீர் தேவையில்லை. உதிர்ந்து போனால் அன்றே பாய்ச்ச வேண்டும். இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

புதிதாக நட்ட போத்துகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. வேர் பிடிக்கும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிறிதளவு நீர் விட்டு, மண் காயாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். துளிர் வந்து செடி நிலைத்த பிறகு இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக்க வேண்டும்.

பருவத்துக்கு ஏற்ற பாய்ச்சல்

சென்னை, செங்கற்பட்டு வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கோடையில் கிணறு காய்கிறது; ஐப்பசியில் வயல் மிதக்கிறது. நீர் பாய்ச்சும் முறையும் இதை அனுசரித்தே மாற வேண்டும்.

மாசி, பங்குனி: கவாத்து செய்த செடிகள் துளிர்க்கும் காலம். அரளி புதுக்கிளைகளின் நுனியில்தான் பூக்கும். ஆகவே இப்போது கிடைக்கும் ஈரம்தான் கோடைப் பூவைத் தீர்மானிக்கிறது. தொழு உரம் இட்டு, மண் அணைத்து, பத்து நாட்களுக்கு ஒரு முறை பாய்ச்சலாம்.

சித்திரை, வைகாசி: பூ அதிகம் வரும் காலமும் இதுவே, நீர் அதிகம் கேட்கும் காலமும் இதுவே. கத்திரி வெயிலில் மணற்பாங்கான நிலத்துக்கு ஐந்து, ஆறு நாட்களுக்கு ஒரு முறையும், களிமண்ணுக்குப் பத்து நாட்களுக்கு ஒரு முறையும் தேவைப்படலாம். அதிகாலையில் மொட்டுப் பறித்து முடித்த கையோடு பாய்ச்சுவது நல்லது. உச்சி வெயிலில் விடும் நீரில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

ஆனி முதல் புரட்டாசி வரை: மாலை நேரங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யும். இங்கேதான் ஏமாற்றம். தூறல் விழுந்ததும் பம்பை நிறுத்திவிடுகிறார்கள். மேல்மண் கருத்திருக்கும், ஒரு சாணுக்குக் கீழே புழுதி பறக்கும். தோண்டிப் பார்க்காமல் நிறுத்தவும் கூடாது, பாய்ச்சவும் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை: பாய்ச்சலை நிறுத்திவிட வேண்டும். இந்தப் பருவத்தில் விவசாயியின் வேலை நீர் விடுவதல்ல, நீரை வெளியேற்றுவது. அரளி வெள்ளத்தைத் தாங்கும் செடிதானே என்று கேட்கலாம். ஆற்றில் வருவது ஓடும் நீர். பாத்தியில் தேங்குவது நின்ற நீர். நின்ற நீரில் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகல் நோய் பிடிக்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு ஓடியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தாம்பரம் சுற்றுவட்டாரம் மிதந்ததையும் இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் வரிசைகளுக்கு நடுவே வடிகால் எடுத்து, செடியின் அடியில் மண்ணை மேடாக அணைத்துவிட வேண்டும்.

மார்கழி, தை: பனியும் குளிரும் இருப்பதால் செடி நீரை மெதுவாகவே உறிஞ்சும். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை மண்ணைச் சோதித்துப் பார்த்துப் பாய்ச்சினால் போதும். மழை விட்ட பின்னர், தை மாதத்தில் கவாத்து செய்யலாம்.

இலை மஞ்சளானால் உடனே நீர் விடுவது பலரது பழக்கம். ஈரம் குறைந்தாலும் இலை மஞ்சளாகும், ஈரம் மிகுந்தாலும் மஞ்சளாகும். மண் காய்ந்திருந்தால் மட்டுமே நீர் மருந்து. மண் சேறாக இருக்கும்போது மேலும் நீர் விடுவது, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற கதைதான். நீரும் தழைச்சத்தும் மிகுந்தால் தழை கொழுக்கும், பூ குறையும். இளந்துளிரில் மஞ்சள் நிற அசுவினியும் வந்து அப்பிக் கொள்ளும்.

ஒரு சிறு கணக்கு

பத்து சென்ட் நிலம் ஏறக்குறைய 405 சதுர மீட்டர். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 2 மீட்டர் இடைவெளி விட்டால் சுமார் 100 செடிகள் நிற்கும். நிலம் முழுவதையும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நனைத்தால் ஒரு பாய்ச்சலுக்குச் சுமார் 20,000 லிட்டர் நீர் செலவாகும். செடியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்தில் வட்டப் பாத்தி கட்டி, அதற்குள் மட்டும் அதே அளவு நீர் நிற்கச் செய்தால் செடிக்கு ஏறக்குறைய 40 லிட்டர்; நூறு செடிக்கு 4,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு நீரில் அதே வேலை நடக்கிறது. களைச்செலவும் குறைகிறது.

சொட்டுநீர் அமைத்தால் இன்னும் மிச்சம். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியம் உண்டு. நுண்ணீர்ப் பாசனம் என்றால் தென்னைக்கும் வாழைக்கும்தான் என்று எண்ணாமல், பூப்பயிருக்கும் கேட்டுப் பெற வேண்டும்.

உப்புநீர் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நிலத்தடி நீர் உப்பாகிப் போனது பழைய வேதனை. மல்லிகைக்கும் காய்கறிக்கும் ஒவ்வாத சற்று உப்பான நீரை அரளி ஓரளவு தாங்கிக் கொள்ளும். இருந்தாலும் உப்பு மண்ணிலேயே தங்கும். இலையின் ஓரம் கருகத் தொடங்கினால் அதுவே அடையாளம். இப்படிப்பட்ட கிணறுள்ளவர்கள் அடிக்கடி கொஞ்சமாக விடாமல், இடைவெளி விட்டு நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். ஐப்பசி மழை மிச்ச உப்பைக் கழுவிவிடும். அதற்கும் வடிகால் தேவை.

நீரோடு நஞ்சு போகக்கூடாது

அரளியின் இலை, பூ, தண்டு, வேர், பால் எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் ஒலியாண்ட்ரின் போன்ற பொருட்கள் அதில் உள்ளன. காய்ந்த பின்னும் இந்த நஞ்சு போவதில்லை. வேலியோரம் நிற்கும் மஞ்சள் அரளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம். அதன் விதையும் கொடிய நஞ்சு.

கேரளத்தில் 2024ஆம் ஆண்டு நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். அரளி இலையை அறியாமல் வாயில் போட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு இளம்பெண் இறந்தார். பத்தனம்திட்டை மாவட்டத்தில் வெட்டிப் போட்ட அரளியைத் தின்ற பசுவும் கன்றும் இறந்ததாகவும் செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதில்லை என்று அந்த ஆண்டு மே மாதம் முடிவு செய்தது. மலபார் தேவசம் போர்டும் அவ்வாறே செய்தது. தோவாளை போன்ற சந்தைகள் வழியாகக் கேரளத்துக்குப் பூ அனுப்பும் தமிழக விவசாயிகளுக்கு இது ஓர் எச்சரிக்கை.

இந்த முடிவைக் குறை கூற முடியாது. பிரசாதம் வாய்க்குப் போகும் பொருள். அதில் அரளி இருக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் மாலைக்கும் அர்ச்சனைக்கும் பயன்படும் பூவை வேரோடு பிடுங்க வேண்டும் என்பது நியாயமாகாது. சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அரளி மொட்டைப் பறித்தே பிழைக்கின்றன. பூவைக் கைவிடுவதற்குப் பதில், பழக்கத்தைத் திருத்துவதே வழி.

சிறு விவசாயியின் நிலைமையில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. பெரிய பண்ணையில் பூந்தோட்டம் ஒரு பக்கம், தொழுவம் ஒரு பக்கம். சிறு விவசாயிக்கு ஒரே கிணறு, ஒரே வாய்க்கால்; அதே வாய்க்காலில்தான் பசு வாய் வைக்கிறது. பச்சை அரளி கசப்பு. மாடு பெரும்பாலும் தொடாது. ஆனால் காய்ந்த இலை வைக்கோலோடு கலந்துவிட்டால் தெரியாது. தண்ணீர்த் தொட்டியில் இலையும் பூவும் விழுந்து ஊறினால், அந்த நீரும் நஞ்சாகும். ஆகவே சில கட்டுப்பாடுகள் அவசியம்.

தண்ணீர்த் தொட்டிக்கு மேலோ, தொழுவத்தின் ஓரத்திலோ அரளி நடக்கூடாது. கால்நடை குடிக்கும் நீரைப் பம்பிலிருந்து முதலில் தொட்டிக்குப் பிடித்துவிட்டு, பிறகே தோட்டத்துக்குத் திருப்ப வேண்டும். அரளிப் பாத்தியிலிருந்து வடியும் நீர் குட்டைக்கோ தீவனப்புல் பாத்திக்கோ போகாதபடி மடையை மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்துக்கு எடுக்கும் வடிகாலுக்கும் இதே விதிதான்.

கவாத்துக் கழிவை வரப்பில் போடக்கூடாது. ஆற்றிலும் ஏரியிலும் வீசக்கூடாது. எரிக்கவும் கூடாது; அந்தப் புகையும் தீங்கு செய்யும். ஆழக்குழி வெட்டிப் போட்டு மண் மூட வேண்டும். கவாத்து நாளில் ஆடு மாடுகளைக் கட்டிப் போட வேண்டும். பால் தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் படக்கூடாது. கையுறை போட்டு வேலை செய்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். பூவை ஊறவைத்த வாளி வேறு, வீட்டு வாளி வேறாக இருக்க வேண்டும். தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு, பூவைச் சப்பக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

மாடு திடீரென்று தீவனம் மறுத்து, வாயில் எச்சில் ஒழுக, கழிந்து, தள்ளாடினால் கைவைத்தியம் செய்து நேரத்தை வீணாக்கக் கூடாது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். 'அரளி தின்றிருக்கலாம்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனிதர் யாரேனும் தின்றுவிட்டால், அறிகுறி தெரியும் வரை காத்திராமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

செய்ய வேண்டியது

அரளி நாற்று விற்பவர் யாராயினும், நடும் முறையைச் சொல்கிறாரே தவிர நஞ்சைப் பற்றிச் சொல்வதில்லை. தோட்டக்கலைத் துறையினர் பூப்பயிர் பற்றிப் பேசும்போது பருவவாரியான நீர்ப்பாசனத்தோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்தில் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. பயிரும் கால்நடையும் சேர்ந்த இந்த விஷயத்தை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பூ வியாபாரிகளும் அரளிக் கூடையில் 'மாலைக்கு மட்டும்' என்று ஓர் அட்டையைக் கட்டிவைத்தால் குற்றமில்லை. கேரளத்தில் வந்த நிலைமை இங்கே வராமல் தடுக்க அதுவும் உதவும்.

விவசாயி செய்ய வேண்டியது அதிகமில்லை. பாய்ச்சுவதற்கு முன் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்க்க வேண்டும். பாய்ச்சிய பின், நீர் எங்கே போய் முடிகிறது என்று வரப்போரமாக ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் வழக்கமாக்கிக் கொண்டவரின் தோட்டத்தில் கோடையிலும் மொட்டு குறையாது. தொழுவத்தில் பசுவும் பத்திரமாக இருக்கும்.